கப்பல் ஆட்டத்தில் ஆளுக்கு உடம்பு எதற்கு?

மார்ச் 4, இரவு 9.40

ஒரு வாசகர் கேட்டது: "ஈவ் ஆன்லைன் விண்வெளிக் கப்பல் ஆட்டம். அதில் நான்தான் கப்பல். எனக்கு முகமும் கைகாலும் எதற்கு? அந்த உழைப்பைச் சண்டைக்கும் சந்தைக்கும் செலவழித்தால் எல்லோருக்கும் பயன். அவதார் வேண்டும் என்பவர்கள் வேறு ஆட்டத்துக்குப் போகலாமே?"

எனக்கு அவதார் வேண்டும். ரொம்ப நாளாகவே வேண்டும். ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

பெரிய ஃப்ளீட்டில், அதாவது கப்பல் படையில், பறந்தவர்களுக்குத் தெரியும். இருநூறு பேர் போனால் முக்கால்வாசிப் பேர் ஒரே ரகக் கப்பலில் இருப்போம். கப்பலில் பொருத்தும் ஆயுதங்களும் கருவிகளும், அதாவது ஃபிட்டிங்கும், ஒன்றுதான். யார் எதை ஓட்ட வேண்டும் என்பதை ஃப்ளீட் கமாண்டர் முன்பே முடிவு செய்திருப்பார். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஓவர்வியூ பட்டியலில் நான் ஒரு வரி, திரையில் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். அந்தக் கப்பல் வெடித்தால் அன்று மாலையே அதே மாதிரி இன்னொன்றை வாங்கி, அதே ஃபிட்டிங்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். பழைய கப்பலின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை.

அப்படியானால் நிலைத்து நிற்பது எது? ஆட்டத்தின் கதையே பதில் வைத்திருக்கிறது. கப்பல் போனால் பாட் என்ற சின்ன உயிர்காப்புக் கலத்தில் தப்பிக்கிறோம். அந்தக் கலமும் போனால் வேறொரு ஸ்டேஷனில் க்ளோனாகக் கண் விழிக்கிறோம். 2003 மே மாதம் ஆட்டம் தொடங்கியபோதிலிருந்து இதுதான் விதி. இத்தனை அழிவுக்கும் தாக்குப்பிடித்து வருவது அந்த ஆள் ஒருவர்தான். அவரைத்தான் யாருமே பார்த்ததில்லை.

மார்ச் 4, இரவு 11.15

"2011-ஐ மறந்துவிட்டீர்களா?" என்று உடனே கேட்டுவிட்டார்கள். மறக்கவில்லை. அந்தக் கோடையில் நானும் உள்ளேதான் இருந்தேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆட்டத்தை உருவாக்கிய ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் பல வருடங்களாக ஒரு வாக்குறுதி தந்து வந்தது. ஸ்டேஷனுக்குள் நடக்கலாம், மதுக்கடையில் உட்காரலாம், ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழுவான கார்ப்பரேஷனுக்குச் சொந்த அலுவலகம் இருக்கும், அங்கே நாலு பேர் மேசையைச் சுற்றி நின்று பேசலாம். 2011 ஜனவரியில் புதிய கேரக்டர் உருவாக்கும் வசதி வந்தது. அன்றைக்கு அந்தத் தரத்தில் முகம் செய்யத் தந்த ஆன்லைன் ஆட்டங்கள் அபூர்வம். கன்னத்து எலும்பு முதல் புருவத்து வடு வரை இழுத்து இழுத்துச் சரிசெய்தோம். ஜூன் 21 அன்று இன்கார்னா விரிவாக்கம் வெளியானது.

வந்தது ஒரே ஒரு அறை. கேப்டன்ஸ் குவார்ட்டர்ஸ் என்று பெயர். எந்த இனத்து பைலட்டாக இருந்தாலும் மின்மத்தார் பாணி அறைதான். மற்ற மூன்று இனங்களின் அறைகள் நவம்பரில்தான் வந்தன. ஒரு சோபா, ஒரு பெரிய திரை, கப்பலைப் பார்க்க ஒரு பால்கனி. ஒரு கதவும் இருந்தது. அது திறக்காது. உள்ளே வேறு யாரும் வர முடியாது.

கூடவே ஆரம் என்ற புதுப் பணமும் அலங்காரக் கடையும் வந்தன. ஒற்றைக் கண்ணுக்கு மாட்டும் மோனோக்கிள் ஒன்றின் விலை, கணக்குப் போட்டால் 60 அமெரிக்க டாலருக்கு மேல். நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று கசிந்து எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. ஜிட்டா வர்த்தக நிலையத்துக்கு வெளியே கூட்டம் கூட்டமாகத் திரண்டு அங்கிருந்த நினைவுச்சின்னத்தைச் சுட்டோம். அக்டோபரில் தலைமை நிர்வாகி ஹில்மார் பெட்டுர்சன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் நிறுவனத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலை போனது. 2017 ஆகஸ்ட்டில் அந்த அறையையே எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொல்லித்தான் "அவதாரை யாரும் விரும்பவில்லை என்று அன்றே நிரூபணமாகிவிட்டது" என்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. பூட்டிய அறையில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அன்று தோற்றது கண்ணாடி. கூடத்தை இன்றுவரை யாரும் கட்டிப் பார்க்கவேயில்லை.

மார்ச் 5, காலை 7.05

கப்பல் சுழற்றலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்கார்னாவுக்கு முன்பு ஸ்டேஷனில் டாக் செய்தால், அதாவது உள்ளே போய் நிறுத்தினால், ஹாங்கர் என்ற கப்பல் கொட்டகையில் நம் கப்பல் நிற்கும், மௌஸைப் பிடித்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். இன்கார்னா வந்ததும் அது போய்விட்டது. அறையை அணைத்து வைத்தவர்களுக்கு அசையாத ஒரு படம்தான் மிஞ்சியது. அந்தக் கோபத்தின் பாதி இதனால்தான் என்று இன்றும் சொல்வேன். அந்த வருடக் கடைசியில் க்ரூசிபிள் விரிவாக்கத்தில் சுழற்றல் திரும்பி வந்தபோது ஊரே கொண்டாடியது. பிற்பாடு எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணிக் காட்டும் கவுன்ட்டர்கூட வந்தது.

சும்மா இருக்கும் நேரத்தில் செய்ய ஏதாவது வேண்டியிருக்கிறது, பாருங்கள். சண்டைக்கும் சந்தைக்கும் நடுவில் கிடக்கும் அந்த நேரம்தான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 5, இரவு 10.30

நான் ஃப்ளீட்டில் லாஜி ஓட்டுபவன். அதாவது, அடிவாங்கும் கப்பல்களுக்குத் தூரத்திலிருந்து பழுது பார்க்கும் வேலை. இந்த வேலையில் காத்திருப்பு அதிகம். டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பலின் பக்கத்தில் எல்லோரும் குவிந்து நிற்போம், எங்களை வேறு இடத்துக்கு அனுப்பும் பிரிட்ஜை அது திறக்கும் வரை. சில நேரம் அரை மணி, சில நேரம் இரண்டு மணிக்கும் மேல். எதிரி வராமல் போனால் அப்படியே திரும்பி வருவோம்.

அந்த நேரத்தில் வாய்ஸில் நடக்கும் பேச்சுக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தில் இத்தனை வருடம் இருக்கிறேன். ஒருவருக்குக் குழந்தை பிறந்த செய்தியை அங்கேதான் கேட்டேன். ஒருவர் வேலை போனதை அங்கேதான் சொன்னார். அவர் சொல்லும்போது திரையில் என்ன தெரிந்தது? ஒன்றன் மேல் ஒன்றாக முட்டி நிற்கும் கப்பல் குவியல். அவருடைய கப்பல் எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தெரிந்து அதன் பக்கத்தில் போய் நின்றாலும் அவருக்கு அது புரியாது. பக்கத்தில் வந்து நிற்பது என்ற செயலே இந்த ஆட்டத்தில் கிடையாது.

எனக்கு வேண்டியது அந்தச் செயல்தான். ஒருவர் பேசும்போது அவர் பக்கம் திரும்புவது, கூட்டத்தில் இருந்து தள்ளிப் போய் இரண்டு பேர் நிற்பது, ஒருவர் ஒன்றும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது. கப்பலால் இது ஒன்றும் முடியாது. லாரிக்காரர் இன்னொரு லாரிக்காரரிடம் பேச வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கித்தானே வருகிறார்?

மார்ச் 6, மாலை 6.20

"குரல் போதுமே, முகம் எதற்கு?" என்று எங்கள் கார்ப்பரேஷனில் (சுருக்கமாகக் கார்ப்) ஒரு அண்ணன் கேட்டார். நேற்று எழுதியதை வைத்துப் பார்த்தால் சரியான கேள்வி. இரவெல்லாம் யோசித்தேன்.

குரலுக்கு ஒரு குறை உண்டு. பேசுகிறவர் மட்டும்தான் அதில் இருக்கிறார். ஐம்பது பேர் சேனலில் இருந்தால் நாலு பேர் பேசுவார்கள், மீதிப்பேர் வெறும் பெயர்ப் பட்டியல். பேசாமலும் கூட இருக்கலாம் என்பதற்கு உடம்பு வேண்டும். பேசத் தயங்குபவர்கள், மொழி சரளமாக வராதவர்கள், பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதால் மைக்கை அணைத்து வைத்தவர்கள், இவர்களெல்லாம் இப்போது இல்லாதவர்கள் கணக்கில்தான் வருகிறார்கள்.

கேரக்டரின் போர்ட்ரெய்ட், அதாவது முகப்படம், இருக்கிறதே என்பார்கள். ஒரே சூரியக் குடும்பத்தில் இருப்பவர்களைப் பட்டியலிடும் லோக்கல் சாட்டில் எத்தனை பேர் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? பட்டியலில் கூடுதல் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக முகங்களை மறைத்து வைப்பதுதான் பழக்கம். எதிரி உள்ளே வந்தால் உடனே தெரிய வேண்டும் இல்லையா? ஆக, இருக்கிற அந்த ஒரு முகத்தையும் பிழைப்புக்காக மூடி வைக்கிறோம்.

மார்ச் 7, இரவு 9.00

நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி ஆட்டத்தின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கு இந்த விவாதத்தில் அதுதான் மிக முக்கியமான சாட்சி.

2016 ஆகஸ்ட்டில் அது வெளியான முதல் நாளிலேயே இரண்டு பேர், ஒருவர் கண்டுபிடித்த கிரகத்துக்கு இன்னொருவர் போய், ஒரே இடத்தில் நின்றார்கள். எண்ணி மாளாத கிரகங்கள் உள்ள ஆட்டத்தில் அப்படிச் சந்திப்பதே பெரிய விஷயம். இருவரும் நேரலையில் இருந்தார்கள், எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. "நான் இங்கேதான் நிற்கிறேன், நீ எங்கே?" என்று தேடிய அந்த ஏமாற்றம்தான் அந்த ஆட்டத்தின் மேல் விழுந்த முதல் பெரிய அடிகளில் ஒன்று.

அடுத்த வருடம் வந்த அப்டேட்டில் மற்றவர்கள் மிதக்கும் ஒளி உருண்டைகளாகத் தெரிந்தார்கள். குரல் கேட்கும், உருண்டை நகரும். சந்தோஷப்பட்டோம், ஆனால் போதவில்லை. 2018 ஜூலையில் வந்த நெக்ஸ்ட் அப்டேட்டில் முழு உடம்பு, உடை, தலைக்கவசம், கையசைப்பு எல்லாம் வந்தன. 2019-இல் பியாண்ட் அப்டேட் வந்ததும் ஸ்பேஸ் அனாமலி என்ற நிலையம் எல்லோரும் கூடும் கூடமாக மாறியது. இப்போது அங்கே போனால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து அரிய பொருளை உங்கள் பையில் போட்டுவிட்டு, ஒரு கையசைப்போடு போய்விடுவார். எனக்கே நடந்திருக்கிறது. பதிலுக்கு நானும் புதியவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றுமில்லை, உருண்டை, உடம்பு, கூடம். இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் கூட்டம் அந்த ஆட்டத்துக்குத் திரும்பி வந்தது. உடம்பு வந்ததால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், வேறு நிறைய விஷயங்களும் சேர்த்தார்கள். ஆனால் முதல் நாள் அந்த இரண்டு பேர் தேடியது பொருளையோ கிரகத்தையோ அல்ல.

மார்ச் 7, இரவு 9.25

சேர்த்துக்கொள்ள: ஈவில் உடம்பே இல்லை என்று நான் மேலே எழுதியது போல ஆகிவிட்டது. உண்டு. செத்த உடம்பு உண்டு. பாட் என்ற அந்த உயிர்காப்புக் கலத்தை உடைத்தால் உறைந்த சடலம் ஒன்று வெளியில் மிதக்கும். யாருடையது என்று பெயர் இருக்கும். அதை எடுத்து ஹாங்கரில் சேர்த்து வைப்பவர்கள் நிறையப் பேர். சிலர் எதிரியின் சடலங்களை வெற்றிச் சின்னமாகச் சேர்ப்பார்கள், சிலர் நண்பர்களுடையதை.

மொலேயா என்ற சூரியக் குடும்பத்தில் ஆட்டக்காரர் ஒருவர் இடுகாடே அமைத்தார். கன்டெய்னர்களை நங்கூரமிட்டு, உள்ளே சடலங்களை வைத்து, பெயர் எழுதி வைத்தார். ஆட்டத்தில் மட்டுமல்ல, நிஜத்தில் இறந்துபோன ஆட்டக்காரர்களின் பெயரும் அங்கே உண்டு. அவ்வப்போது சிலர் வந்து கன்டெய்னர்களைச் சுட்டு உடைப்பார்கள், திரும்பவும் வைப்பார்கள்.

நான் அங்கே போயிருக்கிறேன். எங்கள் ஃப்ளீட்டில் இருந்த ஒருவர் இறந்த பிறகு போனேன். கப்பலை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கன்டெய்னரின் பெயரையும் படித்தேன். உயிரோடு இருந்தவரை அவரை ஒரு கப்பல் குறியாகத்தான் பார்த்தேன் என்பது அங்கே நிற்கும்போது உறைத்தது. அவதார் வெறும் அலங்காரம் என்று சொல்பவர்கள் ஒருமுறை அங்கே போய்விட்டு வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 8, மதியம் 1.10

நேற்று எழுதியதற்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் ஒருவர் இறந்தால் நாம் சைனோ ஏற்றுகிறோம், தொலைவிலுள்ள கப்பல்கள் பாய்ந்து வர வழிகாட்டும் ஒளி அது. நட்சத்திர வரைபடத்தைத் திறந்தால் ஒரே இடத்தில் அத்தனை சைனோ ஒளிகள். சண்டைக்காகப் படைத்த ஒரு கருவியை விளக்கேற்றுவது போல ஏற்றக் கற்றுக்கொண்டோம். அதற்கு எந்த அவதாரும் தேவைப்படவில்லை. கப்பலாலும் துக்கம் சொல்ல முடியும்.

ஆனால் சைனோ எல்லோரும் சேர்ந்து சொல்வது. தனி ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல இன்னும் வழி இல்லை.

மார்ச் 9, இரவு 8.45

கப்பலின் அளவு பற்றி. டைட்டன் பத்து கிலோமீட்டருக்கும் அதிக நீளம். எத்தனை முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட அது பெரிது என்று உடம்பில் உணர்ந்ததில்லை. கேமராவைப் பின்னால் இழுத்தால் சுண்டுவிரல் அளவாகிவிடுகிறது.

எலைட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி ஆட்டத்தில் 2017-இல் கமாண்டருக்கு முகம் செய்யும் ஹோலோ-மீ வந்தது. அப்போது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடிதான். 2021 மே மாதம் ஒடிஸி விரிவாக்கம் வந்து முதல்முறையாகக் கீழே இறங்கி, நான் வருடக்கணக்கில் ஓட்டிய கப்பலை அண்ணாந்து பார்த்தேன். தரையிறங்கும் கால் ஒன்றே என்னைவிட உயரம். அதன் நிழலுக்குள் நடந்து போனேன். அதன் பிறகு அந்தக் கப்பலைத் தரையில் இறக்கும் விதமே மாறிப்போனது, மெதுவாக இறக்குகிறேன்.

ஒடிஸி வெளியானபோது இருந்த கோளாறுகள் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. இருக்கையை விட்டு எழுந்தால் திரை கருப்பாகி, அடுத்த நொடி வெளியே நிற்கிறோம். கப்பலுக்குள் நடக்க முடியாது. எக்ஸ்4 என்ற விண்வெளி ஆட்டத்தில் முடியும், ஆனால் அது தனியாக ஆடுவது. உடம்பையும் கொடுத்து கப்பலையும் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள படிக்கட்டைக் கொடுக்காமல் விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்.

மார்ச் 10, காலை 6.50

உடம்பு வந்தால் நடத்தையும் மாறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் உலகில் அழகான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களிடம் இன்னும் நெருங்கிப் போய் நின்றார்கள், தங்களைப் பற்றிக் கூடுதலாகச் சொன்னார்கள். உயரமான உருவம் பெற்றவர்கள் பணத்தைப் பங்கு போடும் பேரத்தில் துணிந்து பேசினார்கள். இதற்கு ப்ரோட்டியஸ் விளைவு என்று பெயர் வைத்தார்கள்.

அதனால்தான் சிலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தை மதிக்கிறேன். இப்போது ஃப்ளீட்டில் எல்லோரும் சமம். நல்ல கமாண்டர் என்றால் நல்ல கமாண்டர், அவ்வளவுதான். கார்ப்பில் ஒரு தோழி சொன்னது: "கப்பலாக இருப்பதால்தான் என்னை யாரும் பார்வையால் அளக்காமல் நிம்மதியாக விளையாட முடிகிறது." வேறு ஆட்டங்களில் அவருக்கு நடந்ததை எல்லாம் சொன்னார். இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. கூடம் இருந்தால் அதில் கவசத்தோடு, முகம் மூடிய ஹெல்மெட்டோடு நிற்கும் உரிமையும் இருக்க வேண்டும். போகாமலே இருக்கும் உரிமையும் வேண்டும். போகாதவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமும் வரக்கூடாது.

மார்ச் 10, இரவு 10.05

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று பலர் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டார் சிட்டிசனை எடுத்துக் காட்டுகிறார்கள். 2012-இல் நிதி திரட்டத் தொடங்கி இன்னும் ஆல்ஃபாவில் இருக்கும் ஆட்டம். அங்கே கட்டிலில் கண் விழித்து, லிஃப்ட் பிடித்து, நகரத்தில் ரயில் ஏறி, தளத்துக்குப் போய்க் கப்பலை வரவழைத்துத்தான் கிளம்ப வேண்டும். முதல் வாரம் பிரமிப்பு. எங்கள் ஆட்களில் சிலர் அந்த ரயிலுக்காகவே அதை விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆகவே கேட்கிறவர்கள் என்ன கேட்கிறோம் என்று தெளிவாகக் கேட்போம். தனி அறை வேண்டாம். விலைக்கு விற்கும் மோனோக்கிள் முதலில் வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும்கூட வேண்டாம். கார்ப்பின் தலைமையகத்தில் ஒரே ஒரு கூடம். முப்பது பேர் நிற்கலாம், உட்கார நாலு இடம், ஹாங்கரைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னல் வழியே நம் கப்பல்கள் நிஜ அளவில் தெரிய வேண்டும்.

மார்ச் 11, இரவு 9.30

கேப்சூலியருக்கு, அதாவது ஈவ் பைலட் ஒருவருக்கு, சிலை வைத்த கதை தெரியாதவர்களுக்கு: காட்டியா சே என்ற கேரக்டர், ஆட்டத்தில் போக முடிந்த 7,805 சூரியக் குடும்பங்களுக்கும் ஒரு கப்பலைக்கூட இழக்காமல் போய் வந்தார். கிட்டத்தட்ட பத்து வருடப் பயணம், 2019-இல் முடிந்தது. அதற்காக சிசிபி, ஆட்டத்தில் சாய்சியோ என்ற சூரியக் குடும்பத்தில் அவருக்குச் சிலை வைத்தது. பயணம் முழுக்கக் கப்பலில். சிலையில் நிற்பது ஆள்.

பி-ஆர்5ஆர்பி என்ற சூரியக் குடும்பத்தில் நடந்த சண்டைக்கு வைத்த நினைவுச்சின்னம் நேர்மாறு. 2014 ஜனவரியில் ஒரே நாளில் 75 டைட்டன்கள் அழிந்த இடத்தில் கப்பல் சிதிலங்களை வைத்தார்கள். அதே வருடம் ரேக்யவிக் துறைமுகத்தில் நிஜமான ஒரு நினைவுச்சின்னம் எழுப்பி, அதில் ஆட்டக்காரர்களின் கேரக்டர் பெயர்களைப் பொறித்தார்கள். அங்கே போகிறவர்கள் தங்கள் பெயரைத் தேடி விரல் வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: "நான்தான் கப்பல்" என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. சண்டை நடக்கும்போது நானும் கப்பல்தான், வேறு எதுவாக இருக்கவும் நேரமில்லை.

மார்ச் 12, இரவு 11.50

கடைசியாக வந்த கேள்வி: கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஃப்ளீட் அழைப்பு வந்தால்? முப்பது பேரும் ஹாங்கர் வரை ஓட வேண்டுமா?

வேண்டாம். ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப இப்போதிருக்கும் அண்டாக் பொத்தான் கூடத்திலும் அதே இடத்தில் இருக்கட்டும். அழுத்தினால் அந்த நொடியே கப்பலில் இருக்க வேண்டும், ஒரு நொடி தாமதம்கூடக் கூடாது. தாமதமானால் அடுத்த நாள் யாரும் கூடத்துக்கு வர மாட்டார்கள், லாஜி ஓட்டும் நானே வர மாட்டேன். திரும்பி டாக் செய்யும்போது மட்டும் கேட்கட்டும்: ஹாங்கரா, கூடமா? பழைய தேர்வு எதுவோ அதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.